ஒப்புக்குச் சப்பாணி

சால்மன் பண்ணைக்காரர்கள் துறையில் கழித்துப்போட்ட
பாட்டரி இரண்டு.
ஒரே கம்பெனி, ஒரே மாதம், ஒரே சாவு:
பதினொன்று புள்ளி இரண்டு வோல்ட்.
மூடி திறந்து டார்ச் அடித்தால்
தகடெல்லாம் வெள்ளை,
நங்கூரக் கயிற்றில் உப்புப் பூப்பது போல.
சல்பேட்.
வாங்கியதைத் திருப்பித் தராமல்
கல்லாய் இறுகிவிட்டது.

ஒரேயடியாய் ஊட்டாதே என்கிறார்கள்.
தட்டு, விடு, தட்டு,
நொடிக்கு ஆயிரம் முறை தட்டு.
எட்டுக்கால் பூச்சியாய் ஒரு ஐசி,
வாஷிங் மெஷின் மோட்டாரை உரித்துச் சுற்றிய காயில்,
ஒரு மாஸ்ஃபெட்.
முதலாவது பட்டென்று போனது.
இரண்டாவது சொல்லாமல் புகைந்தது.
மூன்றாவதை மத்தி மீன் டப்பா மூடியில் திருகினேன்,
சூடு தாங்கியது, வீடு மீன் வாடை.

நோட்டில் தேதி போட்டேன்.
இடதுக்குத் துடிப்பு.
வலதுக்கு வெறும் அரை ஆம்பியர், சொட்டுச் சொட்டாய்;
ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட
ஒப்புக்குச் சப்பாணி.

ஐந்தாம் நாள் மதியம்
மேட்டு வீட்டு ஓர்ஃபெலினா
ரப்பர் பூட்ஸில் மழையோடு வந்து நின்றாள்.
"ரொசாமெல், என் ரேடியோவில் குளவி புகுந்திருக்கிறது."

போன் எட்டாத குடாக்களுக்கு
லெமுய் தீவில் ரேடியோதான் தபால்:
இன்னாருக்கு ஆபரேஷன் முடிந்தது,
இன்னார் வியாழன் படகில் வருகிறார்,
துறைக்குக் குதிரை கொண்டுவரவும்.
அவள் மகன் தெற்கே, நண்டுப் படகில்.
"என் பெயரைச் சொன்னார்கள்.
அப்புறம் எல்லாம் ர்ர்ர்."

சுவிட்சை அணைத்தேன். காயிலின் ரீங்காரம் நின்றதும்
கூரையில் மழை கேட்டது.
பக்கத்து மூன்று வீட்டிலும் அதே ர்ர்ர்.
துடுப்புப் போட்டு எதிர்க்கரைக்குப் போனேன்,
ஓர்ஃபெலினா முன்னால், ஒரு வார்த்தை பேசாமல்.
அங்கே உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவர்
நிமிராமலே சொன்னார்:
"ஸ்வெட்டர் வந்து சேர்ந்ததாம்.
கை கொஞ்சம் நீளமாம்."

அவள் சிரித்தாள். திரும்பும் வழியெல்லாம்
"நீளமா? அளந்துதானே பின்னினேன்"
என்று என்னிடமே சண்டை.

அன்று முதல் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை
துடிப்புக்கு விடுமுறை.
அதையும் நோட்டில் குறித்தேன்.

இருபத்திரண்டாம் நாள்
ஹைட்ரோமீட்டரை உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தேன்.
இடது: ஐந்து அறை விழித்தது,
ஆறாவது அமிலத்தில் மிதவை தரையோடு கிடந்தது.
வலது: ஆறும் விழித்தது.
கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தேன்.
மறுபடியும் ஆறு.

ஒரு பாட்டரியை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.
ஆறாவது அறை முன்பே செத்திருக்கலாம்.
மதிய விடுமுறை கெடுத்திருக்கலாம்.
இப்படி ஒரு பக்கம் முழுக்க எழுதி
பிறகு அந்தப் பக்கத்தின் மேலேயே
காபிக் குவளையை வைத்தேன்.

வலதை மேட்டு வீட்டுக்குத் தூக்கிப்போய்
ரேடியோவுக்கு இணைத்துக் கொடுத்தேன்.
"அந்தக் குளவி பிழைக்க வைத்ததா இது?"
என்றாள் ஓர்ஃபெலினா.
முனையில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன்.
"ம்" என்றேன்.

இரவு காயிலைப் பிரித்து
இன்னும் இருபது சுற்று கூட்டிச் சுற்றுகிறேன்.
நோட்டில் கடைசி வரி:
மழை. துறையில் வேறு பாட்டரி கிடக்கிறதா பார்க்கவும்.