ஈரப்பதம் பதினேழு

மழை விட்ட ராத்திரி, பதினொன்றரை.
கூத்தாநல்லூரில் கரண்ட் இருக்கிற நேரம்.
மேசை விளக்கைச் சாய்த்துவிட்டு
அட்டையை எடுக்கிறேன்.
கையில் உறை: அழைப்பிதழில் ஜிகினா ஒட்டும்போது போடுவது,
இரண்டு தடவை துவைத்தது.

இறக்கை விரித்த பச்சை நாகம்.
அசைத்தால் வயிற்றில் வானவில் ஓடுகிறது.
ஜப்பான் எழுத்து, ஒன்றும் படிக்கத் தெரியாது.
ஜூரோங் தங்குமிடத்தில் மேல்கட்டில் ரோடெல்
நாற்பது வெள்ளிக் கடனுக்கு ஈடாய்
என் சோற்று டப்பாமேல் இதை வைத்துவிட்டு
விடிவதற்குள் மணிலாவுக்கு ஏறிவிட்டான்.
ஆறு வருஷம் பாஸ்போர்ட் உறைக்குள் கிடந்தது.
கெட்ட வார்த்தை சொல்லித்தான் அதைப் பார்ப்பேன்.

இப்போது விலை உண்டு என்கிறார்கள்,
கடல் தாண்டி ஓர் அலுவலகத்தில்
முகம் தெரியாத ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து
பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு
திறக்க முடியாத பெட்டிக்குள் மூடித் தந்தால்.

டார்ச்சைப் படுக்கவைத்து அடிக்கிறேன்.
நேரே பார்த்தால் தெரியாத கீறல்
வரப்புபோல எழுந்து நிற்கிறது.
ஒன்றுதான். மயிரளவு.
துடைக்கலாமா? துடைத்தால் இரண்டாகும்.
மூலைகள்: மூன்று கூர்.
நான்காவதில் நீலம் உதிர்ந்து வெள்ளை,
குருணையில் பாதி.
ஐப்பசிக் காற்று உள்ளே புகுந்து
லேசாக முதுகு வளைத்திருக்கிறது.
செருப்புப் பெட்டிகளில் கிடந்த சிலிக்கா பொட்டலங்கள்
பதினொன்றைச் செங்கமலம் சேர்த்து வைத்திருந்தாள்.
டப்பாவில் அதோடு நாலு நாள்.

நேற்று தார்ப்பாய் கேட்டு வந்த மச்சான்
டப்பாவைத் திறந்து பார்த்தான்.
ராசகோபாலின் குறுவை நெல் ரோட்டில் கிடக்கிறது.
மீட்டர் பத்தொன்பது காட்டிவிட்டது,
பதினேழுக்கு மேல் எடுக்கமாட்டார்களாம்.
“இதுக்கும் ஊசி குத்துவானா?”
“குத்தமாட்டான். பாப்பான்.”
“பாக்குறதுக்கா இவ்ளோ காசு?”

கடைசியில் ஸ்கேல்.
இடது ஓரம் மூன்றே கால் மில்லி,
வலது இரண்டே கால்.

இங்கேதான் கை நின்றது.
பகலில் நான் ராவுத்தர் அச்சகத்தில்
கத்தி ஓட்டுகிறவன்.
ஐந்நூறு அழைப்பிதழை ஒரே இறக்கில்
நாலு பக்கமும் சமமாய் வெட்டுவேன்.
ஒரு மில்லி. இடது பக்கம் மட்டும்.
சாவி என்னிடம்தான் இருக்கிறது.
அளவு குறைந்தால் எண் இல்லாமல் திருப்பிவிடுவார்கள்
என்பது பயமில்லை.
என் வெட்டைக் கண்டுபிடிக்க முடியாது
என்பதுதான்.

அப்புறம் இதை வெட்டினவனை நினைத்தேன்.
எந்த ஊரோ, ராத்திரி ஷிப்டோ,
கட்டில் ஒரு தாள் நழுவியதோ,
வீட்டிலிருந்து போன் வந்ததோ.
போன ஆவணியில்
மாப்பிள்ளை பெயரில் ஒரு துணைக்காலை நான் தின்றுவிட்டேன்,
எழுநூறு பிரதி.
யாரும் பார்க்கவில்லை. கல்யாணம் நடந்தது.

அவன் வெட்டு அவனோடது.
இருக்கட்டும்.

மெல்லிய உறை, அதன்மேல் கெட்டி உறை.
இரண்டு பக்கமும் அச்சகத்துக் கழிவு அட்டை;
ஒன்றில் “மணமக” வரைக்கும் இருக்கிறது,
மகனா மகளா தெரியவில்லை.
பிரிக்கிறவர் நகம் படாமல் இழுக்கட்டும் என்று
டேப்பின் நுனியை மடித்துவிட்டேன்.
படிவத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று,
“உத்தேச மதிப்பு” தவிர.
நாற்பது என்று எழுதி அடித்தேன்.

காலையில் திருவாரூர் பஸ்.
பாதி ரோட்டில் நெல். டிரைவர்
ஒரு பக்கச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றித்தான் போகிறார்.
மடியில் பொட்டலம். வெளியே வெண்ணாறு, களிமண் நிறத்தில்.
கொள்முதல் நிலையத்து வாசலில் மச்சான்,
வேட்டியை மடித்துக்கட்டி
காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு.
ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்:
“எவ்வளவு?”

பஸ் இரைச்சலில் அவன் வாய் மட்டும் அசைந்தது.
பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
மூடினான்.
மறுபடி விரித்தான், எட்டு விரல்.