தட்டச்சுப் பிழை நீங்கலாக

பூனோ படைமுகாமில், இரவு இரண்டு மணிக்கு,
நீதிபதிகளுக்கு முகம் கிடையாது.
கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேர்.
குரலை மாற்றும் கருவி ஒன்று, அதற்கு நான்கு பேட்டரி.
நான் அவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன்,
ஒலிவெட்டி இயந்திரத்தோடு,
நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு.
நடுவில் இருந்தவர் குதிரைப்படைக் கேப்டன்.
சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை,
அவ்வளவுதான் சொல்ல முடியும்.
பழுப்பு பூட்ஸ். ஒன்றில் மட்டும் கறுப்புக் கயிறு.

'குற்றவாளி' என்றே படிவத்தில் அச்சடித்திருந்தது.
'எனச் சாட்டப்பட்டவர்' என்பதற்குக் கட்டத்தில் இடமில்லை.
எலெயுத்தேரியோ திக்கோனா, இருபத்திரண்டு வயது,
அல்பாக்கா மேய்ப்பவன்.
முந்நூறு பக்கக் கோப்பைப் படிக்க
அவன் வக்கீலுக்கு அரைமணி நேரம்.
கால்மணியில் விளக்கு அணைந்தது.
மீதியை விரலால் தடவிப் பார்த்தார்.

அவனுக்கு ஸ்பானியம் வராது.
சந்தையில் உருளைக்கிழங்கு பேரம் பேசிய கெச்சுவாவை வைத்து
ஒரு சிப்பாய் மொழிபெயர்த்தான்.
"என்னைக் கூட்டிப் போனார்கள்" என்றான் திக்கோனா.
"கூடப் போனேன் என்கிறான்" என்றான் சிப்பாய்.
'கூடப் போனேன்' என்று அடித்தேன்.

மொத்தம் பதினொரு நிமிடம்.
தீர்ப்பின் நடுவே பேட்டரி தீர்ந்துகொண்டு வந்தது.
'முப்பது ஆண்டுகள்' என்ற சொல் இழுபட்டு, கனத்து,
கிணற்றுக்குள் இறங்கும் அம்மிக்கல்லாய்ப்
போய்க்கொண்டே இருந்தது.
அடியில், வழக்கம்போல்:
தட்டச்சுப் பிழை நீங்கலாக உண்மை நகல்.

பன்னிரண்டு வருடம் கழித்து
லிமாவில் சொன்னார்கள், அந்த விசாரணை செல்லாது என்று.
முதலிலிருந்து மறுபடி. சிவில் நீதிமன்றம், பகல் வெளிச்சம்.
நீதிபதிக்குப் பெயர்ப்பலகை.
தண்ணீர் குடித்தால் தொண்டை அசைகிறது.
முகம் கொடுத்துப் பேசுகிறார்.

கூண்டில் ஏறினாள் ஃபோர்த்துனாத்தா சாம்பி.
அவள் புருஷனை வாசலில் வைத்துச் சுட்டவர்களில்
ஒருவனுக்குச் சிவப்புக் காதுக்குல்லாய்.
"சிவப்புக் குல்லாய் பின்னாத தாய்
அந்த மலையில் உண்டா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
நியாயமான கேள்விதான்.
அவள் அவரைப் பார்க்கவில்லை. நீதிபதியிடம் கேட்டாள்:
"அன்னிக்கு ராத்திரி கண்ணாடிகிட்ட எல்லாம் சொன்னேனே,
அது எங்கே போச்சு?"

சட்டப்படி அந்த ராத்திரியே இல்லை.
அவர்கள் அடித்து வாங்கியதும்
நான் அடித்துக் கொடுத்ததும்
அவள் அழுததும்
ஒரே முத்திரையில் செல்லாமல் போயின.
இன்னொரு சாட்சி போன மழைக்காலத்தில் செத்தார்.
தோட்டா உறைகள் இருந்த பை முகாமிலேயே தொலைந்தது,
எலி என்று எழுதியிருக்கிறார்கள்.

பிறகு என் முறை.
பூட்ஸைப் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராகி வந்திருந்தேன்,
அந்தக் கறுப்புக் கயிறு வரைக்கும்.
கேட்டது ஒன்றுதான்: "இந்த நகல் உண்மையா?"

எனக்குக் கெச்சுவா தெரியும்.
பசிக்கு அழுதது அதில்தான்.
வேலைக்கான மனுவில், தெரிந்த மொழிகள் என்ற இடத்தில்,
அதை எழுதவில்லை.

அவன் சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன்:
புசாவர்க்கன்கு.
எழுத்தர் பையன் விரலை நிறுத்தி நிமிர்ந்தான்.
பின்வரிசையில் ஃபோர்த்துனாத்தாவுக்கு
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
கூட்டிப் போனவன் சுடாமலா இருந்திருப்பான்
என்று அந்தப் பார்வை கேட்டதா, தெரியாது.
எனக்கு அது அன்றும் தெரியாது.
திக்கோனா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி எழுதுவது?" என்றான் பையன்.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
இரண்டாவது எழுத்தில் தவறு. திருத்தச் சொன்னேன்.
வழக்கு செவ்வாய்க்கிழமைக்கு.