தராசுக்கு எழுதத் தெரியாது

பத்தூமியில் மூன்றாம் நாளாக மழை.
துறைமுகக் கிரேனில் இருபத்தாறு வருஷம்
நாற்பது டன் பெட்டியைக்
கப்பலின் வயிற்றிலிருந்து தூக்கி
முட்டையை வைப்பதுபோல் லாரியில் வைத்தவன் நான்.
இப்போது ஒரு பூனையின் பிடரித் தோலைத்
தூக்கச் சொல்கிறார் டாக்டர் லம்ஸிரா.

"கூடாரம் மாதிரி. இன்னும் கொஞ்சம்.
அந்த இடுக்கில் ஊசி."

ஊசி மறுபக்கம் வெளியேறி
என் சட்டைக் கையெல்லாம் உப்புநீர்.
நிகோஸி ஒரு தரம்கூடக் கத்தவில்லை.
அதுதான் பயமாயிருந்தது.

வால்நட் ஓட்டின் நிறம், எங்கள் மொழியில்
பெயரும் அதுவே. பதினான்கு வயது.
சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துகொண்டிருப்பதாகச்
சொல் சொல்லாக இறக்கி வைத்தார்.

ஒரு நோட்டும் கொடுத்தார்:
குடித்தது, தின்றது, வாந்தி, மூத்திரம்.
கிரேன் பதிவேடுபோலக் கோடு போட்டு எழுதினேன்.
செவ்வாய்: கோழி, கால் கிண்ணம்.
புதன்: அரைக் கிண்ணம்.
வியாழன்: நன்றாகத் தின்றது.

வெள்ளியன்று எடை போட்டார்.
இரண்டு கிலோ எழுநூறு.
போன வாரத்தைவிட இருநூறு குறைவு.
நோட்டைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார்.
"வாஜா, தராசுக்கு எழுதத் தெரியாது."

கோழி கிண்ணத்தில் காய்ந்தது.
பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன்.
எழுதினால் நடந்துவிடும் என்று நினைத்தேனா,
இவர் முகம் வாடக்கூடாது என்றா,
எனக்கே தெரியவில்லை.

அவர் கோபப்படவில்லை.
"நீங்கள் எழுதிய பூனைக்கு
நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
இந்தப் பூனைக்கு யார் பார்ப்பது?"

குமட்டலுக்குக் கால் மாத்திரை.
பசிக்குக் களிம்பு, காதின் உள்மடலில்,
ஒருநாள் விட்டு ஒருநாள், கையுறை போட்டு.

இரவு பதினொன்றுக்கு அவரை அழைத்தேன்.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.
வலிக்கிறதா அதற்கு, வலிக்கவைத்து
வைத்துக்கொண்டிருக்கிறேனா என்று கேட்டேன்.
குழாயை மூடும் சத்தம்.
"இன்று இல்லை. வலிக்கும் நாளில் நான் சொல்வேன்.
அன்று பேரம் பேசக்கூடாது."
சரி என்றேன்.
அதையும் நோட்டில் எழுதி, தேதி போட்டேன்.

சனி: ஒன்றுமில்லை.
ஊசி மட்டும் முதல் தடவையிலேயே
சரியாக இறங்கியது. நூறு மில்லி.
தோளில் ஒரு சின்னத் திமில் எழுந்து
ஒட்டகம்போல் நடந்து
சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஞாயிறு, விடிவதற்கு முன்:
நெத்திலி வேகவைத்த தண்ணீர்.
நாக்கு ஏழு முறை. எண்ணினேன்.
எட்டாவது நக்கியது கிண்ணத்தையா
என் விரலையா, நிச்சயமில்லை.
எழுதவில்லை.