உர மூட்டை இருந்த அறை

திருத்துறைப்பூண்டி அரசு ஆஸ்பத்திரி.
ஓ.பி. சீட்டில் தையல்நாயகி, வயது முப்பத்தெட்டு.
"எத்தனை நாளா வயிறு கல்லு மாதிரி இருக்கு?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டது டாக்டரம்மா.
"ஒரு வாரமா" என்றது
என் வீட்டுக்காரர்.

ஒரு வாரமா.
வயசுக்கு வந்த வருஷத்திலிருந்து என்று
எப்படிச் சொல்ல,
அவர் சொல்லி முடித்த பிறகு.

"தண்ணி குடிக்கிறாங்களா?"
"அதெல்லாம் குடிப்பா."
நாற்றுப் பறிக்கையில் முழங்கால் வரை தண்ணீர் எனக்கு.
வாய்க்குத்தான் அளவு.
குடித்தால் போகணும். போனால் மறைவு வேணும்.
கண்ணுக்கெட்டிய மட்டும் பரம்படித்த பூமி இது;
பொம்பளைக்கென்று ஒரு புதர்கூட
எழுந்து நிற்காது.

விடியுமுன் வாய்க்கால் மேட்டுக்கு நாலு பேர் போவோம்.
நாலே முக்காலுக்கு வேதாரண்யம் பஸ்.
வெளிச்சம் வளைவில் திரும்பும்போது
பாதியில் எழுந்து நிற்போம்,
சாமி ஊர்வலம் வருகிற மாதிரி.
பஸ் போனதும் உட்கார்ந்தால்
வந்தது உள்ளே போயிருக்கும்.

அவர் ஏழு மணிக்கு
டீ குடித்து, பீடி பற்றவைத்து,
அதே மேட்டில், வெயிலில்,
காத்தலிங்கத்தோடு நெல் ஈரப்பதம் பேசிக்கொண்டே
முடித்துவிட்டு வருவார்.
தனக்கொரு வயிறு இருப்பதே
அவருக்கு ஞாபகம் வந்ததில்லை.

"சாப்பாடு?"
"எங்ககூடத்தான்."
கூட என்றால் பின்னால்.
கீரையும் அவரைக்காயும் சட்டியில் தீர்ந்த பிறகு
சோறு, மோர், ஒரு நார்த்தங்காய்த் துண்டு.

டாக்டரம்மா பேனாவை மூடியது.
"நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."
அவர் எழுந்தார். முகத்தில்
ரேஷன் கடை வரிசையில்
கார்டை மறந்து நிற்கிற ஆளின் குழப்பம்.

கதவு சாத்தியதும் பேசினேன்.
எதை முதலில், எதைப் பிறகு, நினைவில்லை.
"வீட்டுல கக்கூஸ் இருக்கா?"
இருக்கு. பஞ்சாயத்து ஆள் வந்து
என்னை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்த கக்கூஸ்.
உள்ளே யூரியா மூட்டை, மருந்தடிக்கிற டின், விதை உளுந்து.

டாக்டரம்மா சிரித்ததா, இருமியதா தெரியவில்லை.
பத்து மாத்திரை, பாகு மாதிரி ஒரு மருந்து.

அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.
மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து
கூடத்தில், அவர் கட்டில் ஓரம் அடுக்கினேன்.
"இங்கேயா? நாத்தம் அடிக்குமே."
"அடிக்கும்" என்றேன்.
ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்,
அவர் பார்க்கப் பார்க்க.