பதினேழாம் துளை

கெமியார்வி மர ஆலையில்
காலை ஆறு மணிக்குக் கைபேசிகளை
ஒப்படைத்துவிட வேண்டும்.
ஓய்வறைச் சுவரில் பைன் மரப் பெட்டி,
இருபத்திரண்டு துளை, துளைக்கொரு எண்.
போன வருஷம் ஒரு பையன்
கால்பந்து பார்த்துக்கொண்டே
ரம்பத்தை ஒட்டி நடந்துபோனான்.
அவன் விரல்கள் பத்தும் பத்திரம்.
எங்களுக்குத்தான் பெட்டி வந்தது.

பத்து மணிக் காப்பி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
இன்னும் முழுசாக விடியவில்லை.
ஓஸ்மோ செய்தித்தாளை உதறுகிறான்:
"ஐந்து நிமிஷத்தில் நிரம்பும் பேட்டரியாம்."
"எங்கே?"
"சீனாவிலோ எங்கோ. அடுத்த வருஷமாம்."
"அடுத்த வருஷம் என்பது ஒரு நாடு" என்கிறாள் ராய்லி.
"நல்ல பேட்டரியெல்லாம் அங்கேதான் இருக்கிறது."

மின்சாரக் கார் எங்களில் தைஸ்தோவிடம் மட்டும்தான்.
கருத்து எல்லோரிடமும் இருக்கிறது.
குளிரில் பாதி தூரம்தான் போகும் என்பது ஓஸ்மோவின் கட்சி.
"உன் டீசல் போன வியாழன் கிளம்பவே இல்லையே?"
"அது வேறு விஷயம்" என்கிறான்.
"என் வண்டி செத்தால் செத்தது என்று தெரியும்.
இவனுடையதோ சத்தமே இல்லை,
உயிரோடு இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்தாலும் தெரியாது."

தைஸ்தோ வாதாடுகிற ஆளில்லை.
பதினேழாம் துளையில் கைவிட்டு எடுக்கிறான்.
பதினெட்டு என்னுடையது;
தோளோடு தோள் நிற்கிறோம்.
நாலு மணி நேரத்தில்
கார் பதினொரு செய்தி அனுப்பியிருக்கிறது.

இடது பின் டயரில் காற்று குறைகிறது.
பேட்டரி குளிர்ந்திருக்கிறது.
பேட்டரி மேலும் குளிர்ந்திருக்கிறது.
யாரோ அருகில் வந்தார்கள்.
யாரோ இன்னும் அருகில்தான் இருக்கிறார்கள்.

யாரோ என்பது ஒரு கலைமான்.
படத்தில் முகம் இல்லை, இரண்டு மூக்குத்துளை மட்டும்;
கதவில் ஒட்டிய சாலை உப்பை
நக்கிக்கொண்டிருந்திருக்கிறது.
கைபேசி மேசையைச் சுற்றி வந்தது.
ராய்லிக்குக் காப்பி புரையேறியது.
"பார், உன் வண்டிக்கும்
ஒரு சிநேகிதம் கிடைத்துவிட்டது" என்றான் ஓஸ்மோ.

திரும்ப வாங்கும்போதுதான்
அவன் கட்டைவிரல் நின்றது.
டயருக்கும் கலைமானுக்கும் நடுவில்,
ஏழு பன்னிரண்டுக்கு,
தம்பெரேயிலிருந்து மகள்:
*அப்பா, நேரம் கிடைத்தால் கூப்பிடுங்கள்.
அவசரம் ஒன்றும் இல்லை.*

படிக்கக் கூடாதுதான். படித்துவிட்டேன்.
என் துளையில் அன்று ஒரே செய்தி:
ஷாம்பூ, முப்பது சதவீதத் தள்ளுபடி.

மணி அடித்தது.
தைஸ்தோ கைபேசியைத் துளையில் வைத்தான்,
எடுத்தான்,
கையுறைகூடப் போடாமல்
வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தான்.

மேற்பார்வை ஹில்க்கா கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு பதினேழைப் பார்த்தாள்.
"டயர்" என்றான் ஓஸ்மோ. "காற்று இறங்குகிறதாம்."
சொல்லிவிட்டுத் தன் இடத்தை எனக்குத் தள்ளி,
தைஸ்தோவின் இடத்தில் போய் நின்று
பலகைகளைப் புரட்டத் தொடங்கினான்.
இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்தால்
கண் எங்கே ஜன்னலுக்குப் போக?
ஆனாலும் போனது.
காருக்குள் சின்ன வெளிச்சம்.
கண்ணாடியில் மூச்சு படர்ந்து படர்ந்து
ஆள் மறைந்துகொண்டிருந்தான்.
புகையில்லை, சத்தமில்லை.
ஓடுகிறதா நிற்கிறதா,
வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது,
அந்த விஷயத்தில் ஓஸ்மோ சொன்னது சரி.

இருபது நிமிஷம்.
திரும்பி வந்தபோது காது இரண்டும் சிவப்பு.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கைபேசியைத் துளையில் வைத்தான்.
ரம்பம் ஓயும் இடைவெளிக்காகக் காத்திருந்து
ஓஸ்மோதான் கேட்டான்:
"எத்தனை சதவீதம் இருக்கிறது?"
"நாற்பத்தொன்று."
"தம்பெரேவுக்கா?"
தலையாட்டினான். "இன்றைக்கே.
வழியில் மூன்று இடத்தில் போட்டுக்கொண்டால் போதும்."

"ஐந்து" என்றான் ஓஸ்மோ,
பலகையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"இந்தக் குளிருக்கு ஐந்து.
முதலில் அந்த டயரைப் பார்."