நாற்பது மில்லிவினாடி

திறந்தால் நாடாவெங்கும் பூசணம்.
கிளிமெண்டி ஈரம் முப்பத்தைந்து வருடம்
அவசரமில்லாமல் உட்கார்ந்து தின்றிருக்கிறது.
பஞ்சு, ஸ்பிரிட், ஒரு பென்சில்.
வேறொரு கேசட்டின் உறைக்குள் நாடாவை மாற்றும்போது
மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
யாருக்கு ஆபரேஷன்?

எண்பத்தொன்பது ஜூலை, ஒன்பதாம் மாடி.
ரெஜினா பாட்டு. மஹ்ரூஃப் கிட்டார்.
தனபாலன் கீபோர்டு, அதுவும் இரவல்.
தாளம் நான்: இரண்டு மைலோ டின், ஒரு சூட்கேஸ்,
சுங்கை ரோட்டில் பன்னிரண்டு வெள்ளிக்குப் பேரம் பேசிய
விளிம்பு உடைந்த சிம்பல்.
சத்தம் வெளியே போகாதிருக்கச் சன்னலில் மெத்தையைச் சாத்தினோம்.
அடுத்த திங்கள் மஹ்ரூஃபுக்குத் தேசிய சேவை,
தலை மழித்துவிடுவார்கள்.
ஆகவே ஒரே இரவு. ஒரே நாடா.

பிரி என்றேன், மென்பொருள் பிரித்தது.
குரல் தனி, கிட்டார் தனி, தாளம் தனி,
கோழிச்சோற்றுக் கடைக்காரர் வெட்டி அடுக்குகிற மாதிரி.
எலும்புகளுக்கு 'மற்றவை' என்று ஒரு கோப்பு.
அதில் இரண்டாம் சரணத்தைக் குறுக்கே கடக்கும்
லேக்சைட் ரயில்,
மேல்வீட்டில் மாஜோங் கட்டைகளைக் கலைக்கும் கைகள்,
எங்களில் யாரோ ஒருவரின் தும்மல்.

பிறகு தாளத்தை மட்டும் ஓடவிட்டேன்.
அடடா.
திரையில் கோடுகள் நேராக நிற்கின்றன.
என் அடி ஒவ்வொன்றும் கோட்டைத் தாண்டி
நாற்பது மில்லிவினாடி கழித்து விழுகிறது,
பஸ் கிளம்பியபின் கை நீட்டுகிறவன் போல.
ஒருமுறை இரண்டுமுறை அல்ல.
நானூற்றுப் பன்னிரண்டு.

அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை. அழுத்தினேன்.

பாட்டு முடிந்தபிறகும் நாடா ஓடியிருக்கிறது.
நான் தண்ணீர் குடிக்கப் போயிருப்பேன்.
அந்த இரைச்சலுக்குள் பேச்சிருப்பது
அன்றைய டெக்குக்குக் கேட்டதில்லை.
கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலை இறக்கினேன்.
தனபாலன், கிசுகிசுப்பாக:
"அவன் பின்னாடியே வர்றான்பா.
அடுத்த தடவ அந்த ஜூரோங் பையனக் கூப்பிடலாமா?"
ரெஜினா பதில் சொல்கிறாள்.
சரியாக அங்கே அடுத்த ரயில்.

ரயிலை எடுத்தால் அவள் பேச்சும் போகிறது.
பேச்சை ஏற்றினால் ரயில் கூடத்துக்குள் வருகிறது.
மூன்று இரவு, நான்கு மென்பொருள்.
கிடைத்தது ஒரு 'வே'.
வேண்டாம் என்றாளா, வேற வழியில்ல என்றாளா.

அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை.
ஜூரோங் பையன் தப்பித்தான்.

திருத்திய பாட்டை மூவருக்கும் அனுப்பினேன்,
கடைசி ஒரு நிமிடத்தை வெட்டிவிட்டு.
மஹ்ரூஃப் கட்டைவிரல் ஒன்று அனுப்பினான்.
தனபாலன், "நாமளா இது!"
பெர்த்திலிருந்து ரெஜினா மறுநாள்தான் எழுதினாள்:
நல்லாத்தான் இருக்கு. டிரம்ஸ் யாரு, ஆள் வச்சியா?
நீ வந்து சேர்ற வரைக்கும்
நான் மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்.
இதுல நிக்க இடமே இல்லயே.

குரல் கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஆமாம்.
வரிக்கு வரி, சொல் தொடங்குமுன்
ஒரு சின்ன வெற்றிடம்.
அளந்தேன். எதற்கு அளந்தேன்,
தெரிந்த கணக்குத்தான்.

நாடாவிலிருந்து மறுபடி பிரித்தால் ஒரு நிமிட வேலை.
செய்யவில்லை.
அடிகளை ஒவ்வொன்றாகச் சுட்டியால் பிடித்து
வலப்பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறேன்,
கண் அளவில், கொஞ்சம் கூடக் குறைய.
நேற்று அறுபது. இன்று ஐம்பத்தேழு.
கீழே ரயில் போகும்போது கையை எடுத்துவிட்டு
அது போகட்டும் என்று இருக்கிறேன்.

அந்த 'வே' பற்றி அவளிடம் கேட்கவில்லை.