நான்காம் மாடியில் குதிப்பவள்

டர்பன், ஓவர்போர்ட் மேடு. இன்னும் வெயில் ஏறவில்லை.
நெபுலைசர் மூடியைத் திருகுகிறேன்;
கரகரவென்று அது பேசத் தொடங்கியதும்
உப்புப் புகை,
தூரத்தில் தெரியும் கடலில் ஒரு கரண்டி அள்ளி
மூக்கில் கட்டியதுபோல.

என் உடம்பில் உப்புக்கா பஞ்சம்?
ஓடி முடித்தால் நெற்றியில் வெள்ளையாய்ப் பூக்கும்.
முதல் காதலன் கழுத்தில் முத்தமிட்டுவிட்டு
"ஊறுகாய்" என்றான்.
அவனை அதற்காக விடவில்லை.
வேறு காரணங்கள் இருந்தன.

பிசியோ தண்டேக்கா என்னைவிட இரண்டு வயது இளையவள்.
கண்ணாடியில் ஆவி படிய ஊது, என்பாள்,
மெழுகுவத்தியை அணைப்பதுபோல் அல்ல.
இருமல் உன்னை இழுக்கக் கூடாது,
நீ இருமலை இழு.
சளி என்று சொல்லக் கூசினால்
வேறு ஆளைப் பார்.

அப்புறம் குதிப்பு.
சின்ன வட்ட டிராம்பொலின், ஒரு ஸ்பிரிங் போயிற்று.
குதிக்கக் குதிக்க நெஞ்சுக்குள்
பிசின் மெல்லப் பிடி விடும்,
பலா அரிந்த கத்தியில்
எண்ணெய் பட்டதுபோல்.
கீழ்வீட்டு மிஸ்டர் படையாச்சி
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார்.
அவர் மூன்று. நான் முந்நூறு.

ஜூலையில் மின்வெட்டு, காலையும் மாலையும்.
மெஷின் ஊமை.
மூன்றாம் நாள் காய்ச்சல்; குதிக்கவில்லை.
ஒருக்களித்துப் படுத்து எண்ணி எண்ணி ஊதினேன்,
ஏழுக்குப் பிறகு ஐந்து வந்தது.

இரவு, கதவில் மூன்று தட்டு.
டார்ச்சும் கோபமுமாய்ப் படையாச்சி.
"ஆறரைக்கு நீ குதிக்காம
என் பிரஷர் மாத்திரை மூணு நாளாத் தப்பிப் போகுது.
என்னதான் நினைச்சிட்டிருக்கே?"

சிரிக்கப் போனேன். சிரிப்பு இருமலாகி
இருமல் அடிமட்டம் வரை இறங்கி
மூன்று நாளாய் அசையாதது
கையிலிருந்த கப்பில் விழுந்தது.

அவர் முகத்தைத் திருப்பவில்லை.
டார்ச்சைக் கப்பின்மேல் பிடித்தார்.
முப்பது வருஷம் பெயின்ட் கடை நடத்தியவர்.
"கரும்பச்சை" என்றார்,
டப்பா மூடியைத் திறந்து பார்த்த குரலில்.
"போன வாரம் இப்படி இல்லைன்னா
காலையிலே ஆஸ்பத்திரி. நான் ஓட்டுறேன்."
இறங்கிப் போகையில் படிகளில்
அவர் மூச்சு வாங்குவது கேட்டது.
நாலு மாடி ஏறுமளவுக்கு அவர் கால்கள் நல்லவை அல்ல,
ஒன்றுதான் ஏறினார் என்றாலும்.

பத்து மணிக்கு விளக்கு வந்தது.
அணைக்க மறந்த மெஷின்
இருட்டறையில் தானே தொடங்கிற்று,
கோப்பையில் ஒரு சொட்டும் இல்லாமல்,
கரகர, கரகர.